கேள்வி பதில்: லைன் இல்லாத நேரத்துலயும் மெயில் படிக்கணும்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, பிரவுசரே வேண்டாம், கமாண்ட் ஒண்ணு ஓட்டினா வர்ற மெயிலை எல்லாம் நம்ம டிஸ்குல ஒரு ஃபோல்டருக்கு இறக்கிக்கலாம்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கலைங்க. அதனால இந்த வாரம் முழுக்க அதையே பேசிருவோம்.

கேள்வி: வணக்கங்கண்ணா. ஏற்காடு தாண்டி நாகலூர் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம், ஊடால சில்வர் ஓக் மரத்துல மிளகும் ஏத்தி விட்டிருக்கோம். காப்பி வாங்கறவங்க சாம்பிள் ரிப்போர்ட்டு, பில்லு எல்லாத்தையும் தோட்டத்து மெயில் ஐடிக்குத்தான் அனுப்புறாங்க. மழையும் மூடுபனியுமா இருக்கிற மாசத்துல கரண்ட் போனா கூடவே டவரும் போயிருது, மெயில் பக்கம் பாதி திறந்து அப்படியே சுத்திக்கிட்டு நிக்குது. நடு ராத்திரில லைன் நல்லா வருதுங்க, ஆனா அப்ப யாரு முழிச்சிருக்கறது. வீட்டுக்காரரோட தம்பி லேப்டாப்புல உபுண்டுன்னு ஒரு லினக்ஸ் போட்டுக் குடுத்திருக்கார். ராத்திரி தானா மெயில் இறங்கி, காலைல லைன் இல்லாமலே படிக்கிற மாதிரி செய்ய முடியுமா? போன்லயும் அதே மெயிலைப் பாக்குறோம், அது காணாமப் போயிறக் கூடாது.
(ஒரு வாசகி, நாகலூர்)

பதில்: முடியுங்க அக்கா, உங்களுக்குத் தேவையானது அப்படியே இருக்கு, பேரு கெட்மெயில். உபுண்டு சாஃப்ட்வேர் லிஸ்ட்ல கெட்மெயில்6னு தேடினா கிடைக்கும், அந்த 6ங்கிறது பழைய கெட்மெயிலை பைத்தான் 3ல ஓடுற மாதிரி மாத்தி எடுத்தது. சின்ன புரோகிராம்தான், ஜன்னல் பட்டன் எதுவும் கிடையாது, சர்வருக்குப் போவும், இருக்கிற மெயிலை எடுத்துட்டு வந்து நீங்க சொன்ன ஃபோல்டர்ல போடும், முடிஞ்சுது.

முதல்ல உங்க பயத்தைப் பேசிருவோம், ஏன்னா அது நியாயமான பயம். மெயில் எடுக்கிற பழைய வழிக்கு பாப்3னு பேரு, 1996ல எழுதி வச்ச விதிதான் இன்னைக்கும் ஓடுது. அதுல நடக்கிற பேச்சு ரொம்ப எளிமைங்க. நம்ம பக்கம் யூசர் பேரு சொல்லும், பாஸ்வேர்டு சொல்லும், "எந்தெந்த மெயில் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி அடையாள நம்பர் சொல்லு"ன்னு கேக்கும், வேணும்கிறதை ஒவ்வொண்ணா வாங்கும், அழிக்கணும்னா "இதை அழி"ன்னு சொல்லும், கடைசியா "குவிட்"னு சொல்லிட்டுக் கிளம்பும். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அழின்னு சொன்ன உடனே சர்வர் அழிக்காது, குறிச்சு மட்டும் வச்சுக்கும், குவிட் சொன்னப்புறம்தான் அழிக்கும். அதனால நடுவுல உங்க ஊர் லைன் அறுந்து போச்சுன்னா அங்க ஒரு மெயிலும் போகாது, அதிகபட்சம் அடுத்த நாள் அதே மெயில் இன்னொரு தடவை வரும், அவ்வளவுதான். ரெண்டா வர்றது தொந்தரவு இல்லைங்க, இல்லாமப் போறதுதான் தொந்தரவு. அதுக்கும் மேல கெட்மெயில்ல யாரும் சொல்லாத வரைக்கும் அழிக்கிற வேலையே கிடையாது, டெலீட்ங்கிற வரி ஃபால்ஸ்னுதான் இருக்கும். நீங்க போன்ல பாக்கிறது அப்படியே இருக்கும்.

இப்ப ஃபோல்டர். ஹோம்ல மெயில்னு ஒண்ணு போட்டுக்குங்க, அதுக்குள்ள டிஎம்பி, நியூ, கர் (tmp, new, cur)னு மூணு ஃபோல்டர் நீங்களே கையால உருவாக்கணும், கெட்மெயில் உருவாக்கித் தராது, இல்லைன்னா எரர் சொல்லிட்டு நின்னுக்கும், முதல் நாள் நிறையப் பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. இந்த மூணு ஃபோல்டர் ஏற்பாட்டுக்கு மெயில்டிர்னு பேரு, டேனியல் பெர்ன்ஸ்டைன்னு ஒருத்தர் தன்னோட கியூமெயில் சர்வருக்காக 90கள்ல யோசிச்சது. எனக்கு இதை விளக்குறதுன்னா ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க. வர்ற மெயில் முதல்ல டிஎம்பிக்குள்ள எழுதப்படுது. ஒரு எழுத்து விடாம முழுசா எழுதி முடிச்சப்புறம்தான் நியூவுக்கு நகருது, நகர்றதுங்கிறது பேரு மாத்துற வேலைதான், அது நடக்கும் இல்லைன்னா நடக்காது, பாதி நடக்கிறதுன்னு ஒண்ணு கிடையாது. பாதில கரண்ட் போச்சுன்னா அரைகுறை ஃபைல் டிஎம்பிலயே கிடக்கும், நியூவுக்குள்ள இருக்கிறது எல்லாம் முழு மெயில்தான்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். நீங்க படிச்சதும் அது கர்ருக்குப் போவும், ஃபைல் பேரோட வால்ல ஒரு கோலன், ரெண்டு, கமா, எஸ்னு ஒட்டிக்கும், எஸ்னா பாத்தாச்சுன்னு அர்த்தம். பேரோட தலைல பத்து இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அது 1970 ஜனவரி 1ல இருந்து எத்தனையாவது செகண்ட்ல இந்த மெயில் வந்து சேர்ந்துச்சுங்கிற கணக்கு. ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், அதனால ஒண்ணு கெட்டாலும் பக்கத்துல இருக்கிறது கெடாது. மழை நாள்ல கரண்ட் கண் சிமிட்டுற ஊருக்கு இதை விட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க.

கெட்மெயிலோட செட்டிங் ஃபைல்ல மூணு பகுதி. ரிட்ரீவர்ங்கிற பகுதில வகை, சர்வர் பேரு, யூசர், பாஸ்வேர்டு. வகைக்கு சிம்பிள்பாப்3எஸ்எஸ்எல்ரிட்ரீவர்னு நீளமா ஒரே வார்த்தையாப் போடணும், அது 995ங்கிற போர்ட்ல, அதாவது சர்வரோட நம்பர் போட்ட வாசல்ல, பூட்டுப் போட்ட லைன்ல போவும். டெஸ்டினேஷன்ங்கிற பகுதில வகை மெயில்டிர், அப்புறம் ஃபோல்டர் பாதை, பாதையோட கடைசில சாய்கோடு கண்டிப்பா இருக்கணும். ஆப்ஷன்ஸ்ல முக்கியமான வரி ரீட் ஆல், இதை ஃபால்ஸ்னு மாத்துங்க, மாத்தலைன்னா தினம் ராத்திரி பழசு புதுசு எல்லாத்தையும் மொத்தமா இறக்கும், உங்க டேட்டா பேக் ஒரே ராத்திரில தீர்ந்துரும். இன்னொரு வரி மேக்ஸ் மெசேஜ் சைஸ், அதுல ஒரு அளவு போட்டா அதுக்கு மேல பெருசா இருக்கிற மெயிலைத் தொடாம சர்வர்லயே விட்டுட்டு வந்துரும். தோட்டத்துக்கு வர்றது பெரும்பாலும் பில்லும் ரிப்போர்ட்டும்தான, 5 எம்பிக்குள்ள அடங்கிரும், யாராவது கல்யாண ஃபோட்டோ முப்பதை ஒரே மெயில்ல அனுப்பினா அதை நீங்க சேலம் இறங்கறப்ப பாத்துக்கலாம், அதுக்காக நம்ம மிளகு பில்லு வரிசைல நிக்கக் கூடாது. பாஸ்வேர்டு உள்ள ஃபைலுங்கிறதால பெர்மிஷனை 600னு வச்சிருங்க, உங்களைத் தவிர அந்த லேப்டாப்புல வேற யூசர் யாரும் திறக்க முடியாது.

ராத்திரி ஓட்டுறதுக்கு கிரான், குறிச்ச நேரத்துல கமாண்டைத் தானா ஓட்டுறது அதோட வேலை. ஒரு மணில இருந்து நாலு மணி வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு ஒரு வரி எழுதினாப் போதும், ஒரு தடவை லைன் கிடைக்காட்டி அடுத்த தடவை கிடைக்கும். ஆனா லைன் மெதுவா இருந்தா முதல் ஓட்டம் முடியறதுக்குள்ள ரெண்டாவது கிளம்பிரும், ரெண்டும் ஒரே மெயிலை எடுக்கும், அதனால கமாண்டுக்கு முன்னால எஃப்லாக்னு ஒண்ணைச் சேத்துருங்க, ஒண்ணு ஓடுறப்ப இன்னொண்ணு உள்ள வராது. லேப்டாப்பை மூடினா தூங்கிரும்ங்கிறதை மட்டும் மறந்துராதீங்க, மூடி மூடினாலும் முழிச்சிருக்கிற மாதிரி பவர் செட்டிங்ல மாத்தி, சார்ஜர்ல போட்டு வைங்க. படிக்கிறதுக்கு எவல்யூஷன்னு ஒரு மெயில் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல மெயில்டிர் ஃபோல்டர்னு கணக்கு சேத்தா இந்த ஃபோல்டரையே நேராக் காட்டும். கமாண்ட் அடிக்கிற டெர்மினல் பழகிட்டா, அதுக்குள்ளயே ஓடுற நியோமட்ங்கிற மெயில் புரோகிராம் இன்னும் வேகம்.

கேள்வி: ஃபெட்ச்மெயில், கெட்மெயில், எம்பிசிங்க் இதுல எது பெஸ்ட் சார்?
(கல்லூரி மாணவர், அம்மாபேட்டை)

பதில்: தம்பி, மூணும் மூணு வேலை. ஃபெட்ச்மெயில் 1996ல இருந்து இருக்கிற பெரியவர், இன்னொருத்தர் எழுதின பாப்கிளையன்ட்ங்கிற புரோகிராமை எரிக் ரேமண்ட்ங்கிறவர் வாங்கி வளர்த்தது. அது எடுத்துட்டு வந்த மெயிலைத் தானா ஃபைலா எழுதாது, நம்ம மெஷின்ல 25ங்கிற போர்ட்ல உக்காந்திருக்கிற மெயில் சர்வர் கைல குடுக்கும், சர்வர் இல்லைன்னா வாங்கி வைக்கிறதுக்கு வேற ஒரு புரோகிராமைக் காட்டணும். வெறும் ஃபோல்டர்ல வேணும்கிறவனுக்கு அது சுத்து வழி. கெட்மெயில் நேரா எழுதும், ஒரு வழிப் பாதை. எம்பிசிங்க் ரெண்டு வழி, ஐமேப் மட்டும்தான், அங்க இருக்கிற ஃபோல்டர் அமைப்பு இங்கயும், இங்க பண்ற மாத்தம் அங்கயும் போவும். ஐமேப்ங்கிறது 1986ல மார்க் கிறிஸ்பின் உருவாக்கினது, மெயில் சர்வர்லயே இருக்கும்ங்கிறதுதான் அதோட நினைப்பு, பாப்புக்கு நேர் எதிர். நீ பழகிப் பாக்கறதா இருந்தா எம்பிசிங்க்கே எடு, ஆனா முதல் மாசம் சிங்க் புல்னு ஒரு வரி போட்டு இந்தப் பக்கம் மட்டும் இழுக்கிற மாதிரி வை. கை தவறி இங்க அழிச்சா அங்கயும் அழியற மாதிரி செட்டிங் போட்டுட்டு அப்புறம் வருத்தப்படறவங்களை நான் நிறையப் பாத்துட்டேன்.

கேள்வி: ஐயா, செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறை வச்சிருக்கோம். ஜிமெயில்ல 15 ஜிபியும் ரொம்பிருச்சு, பார்ட்டிங்க அனுப்புற டிசைன் படம் எல்லாம் திரும்பிப் போவுது. எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு இறக்கிட்டு அங்க காலி பண்ணிரலாம்னு இருக்கேன். ஃபெட்ச்மெயில்ல இறக்க இறக்கவே அழிச்சுரும்னு ஒருத்தர் சொன்னாரு, அதுவே போதுமுங்களா?
(கொலுசு வியாபாரி, செவ்வாப்பேட்டை)

பதில்: அதை மட்டும் செஞ்சுராதீங்க. அவர் சொன்னது உண்மைதான், ஃபெட்ச்மெயில்ல கீப்னு ஒரு வார்த்தை எழுதலைன்னா இறக்கின மெயிலை அங்க அழிச்சுட்டுத்தான் வரும். அந்த ஒரு வார்த்தையை நானும் ஒரு தடவை விட்டிருக்கேன். 2011 வாக்குல உங்க பக்கத்துலயே, லீ பஜார்ல ஒரு மண்டிக்கு இதைப் போட்டுக் குடுத்தேன். எட்டு மாசம் நல்லா ஓடுச்சு, மெயில் டக்குடக்குன்னு வருதுன்னு மண்டிக்காரருக்கும் சந்தோஷம். ஒரு நாள் காலைல ஹார்டு டிஸ்க் கரகரன்னு சத்தம் போட்டு நின்னுருச்சு. பரவால்லீங்க, எல்லாம் சர்வர்ல இருக்கும்னு சொல்லிக்கிட்டே பிரவுசர்ல திறந்தேன், இன்பாக்ஸ்ல முந்தின நாள் ராத்திரிக்கு அப்புறம் வந்த நாலே நாலு மெயில். கணக்கு வழக்கு எல்லாம் பேப்பர்ல இருந்துச்சு, அது தப்பிச்சுருச்சு. அவர் பையன் வெளிநாட்டுல இருந்து வாரா வாரம் எழுதினது எங்கயும் இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டலைங்க, "பையன் எழுதினது எல்லாம் அதுலதான தம்பி இருந்துச்சு"ன்னு மட்டும் கேட்டார். அன்னைல இருந்து யாருக்குப் போட்டுக் குடுத்தாலும் இறக்கற வேலையையும் அழிக்கிற வேலையையும் ஒரே நாள்ல வைக்கிறதில்லை.

நீங்க இப்படிப் பண்ணுங்க. முதல்ல அந்த 15 ஜிபில மெயில் எவ்வளவுன்னு பாருங்க, ஏன்னா அது டிரைவ், ஃபோட்டோ எல்லாத்துக்கும் சேத்துத்தான் 15, போன்ல எடுக்கிற கொலுசு ஃபோட்டோ தானா மேல ஏறி அதுவே பாதி இடத்தைப் பிடிச்சிருக்கலாம். மெயில்தான்னு உறுதியானா கெட்மெயில்ல ஐமேப் வகையைப் போட்டு, ஆல் மெயில்ங்கிற ஒரு ஃபோல்டரை மட்டும் இழுங்க. ஜிமெயில்ல லேபிள் ஒவ்வொண்ணும் தனி ஃபோல்டராத் தெரியும், எல்லாத்தையும் இழுத்தா ஒரே மெயில் மூணு நாலு தடவை வந்து டிஸ்க் ரொம்பும். உங்க வழக்கமான பாஸ்வேர்டு இங்க வேலைக்கு ஆகாது, கூகுள் கணக்குல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டப்புறம் ஆப் பாஸ்வேர்டுன்னு 16 எழுத்துல ஒண்ணு எடுத்து அதைக் குடுக்கணும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறக்கலாம்னு கூகுள் ஒரு அளவு வச்சிருக்கு, நடுவுல நின்னா பயப்படாதீங்க, மேல சொன்ன ரீட் ஆல் வரியை ஃபால்ஸ்னு வச்சிருந்தா மறுநாள் விட்ட இடத்துல இருந்து போவும்.

இறங்கி முடிஞ்சதும் எண்ணிக்கை சரியான்னு பாருங்க. அப்புறம் ஒரு பத்து மெயிலை, பழசு புதுசு கலந்து, அட்டாச்மெண்டோட திறந்து பாருங்க, கொலுசு டிசைன் படம் முழுசாத் தெரியணும். அடுத்து இன்னொரு ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நகல். இங்க ஒரு சிக்கல் இருக்கு, கடைல வாங்குற பென் டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாம் பெரும்பாலும் விண்டோஸ் முறைல ஃபார்மட் ஆகி வரும், விண்டோஸ்ல ஃபைல் பேர்ல கோலன் வரக் கூடாது, மெயில்டிர்ல படிச்ச மெயிலுக்கெல்லாம் பேர்ல கோலன் இருக்குமே, அதனால காப்பி பாதில எரர் அடிக்கும், இல்லைன்னா காப்பி ஆகி விண்டோஸ்ல திறக்க முடியாமக் கிடக்கும். ஃபோல்டரை டார் போட்டு ஒரே மூட்டையா கட்டிக் காப்பி பண்ணுங்க, சிக்கல் தீர்ந்துது. அந்த டிஸ்கைப் பட்டறைல வைக்காதீங்க, வீட்டுல வைங்க. இத்தனையும் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, உங்க கண்ணால இன்னொரு தடவை பாத்துட்டு, ஜிமெயில்லயே தேதி போட்டுத் தேடி பழசை அழியுங்க. டிராஷ்ல 30 நாள் கிடக்கும், அதைக் காலி பண்ணினாத்தான் இடம் உடனே கிடைக்கும்.

கேள்வி: அவுட்லுக் மெயிலுக்கு இதே மாதிரி போட்டா பாஸ்வேர்டு தப்புன்னே வருதே?
(ஓமலூர் வாசகர்)

பதில்: பாஸ்வேர்டு சரிதாங்க, கதவுதான் மாறிருச்சு. ஹாட்மெயில், அவுட்லுக் கணக்குக்கெல்லாம் 2024 செப்டம்பர்ல இருந்து வெறும் பாஸ்வேர்டு குடுத்து உள்ள போற வழியை மைக்ரோசாஃப்ட் மூடிருச்சு, இப்ப ஓஆத்2னு டோக்கன் முறைதான், பாஸ்வேர்டுக்குப் பதிலா ஒரு அனுமதிச் சீட்டு வாங்கிக் காட்டுற மாதிரி. அதை கெட்மெயில்லயும் செய்யலாம் ஆனா புதுசா வர்றவங்களுக்கு வேலை அதிகம், டோக்கன் எடுக்கிற வழியை அடுத்த இதழ்ல தனியா எழுதறேன். அது வரைக்கும் அந்தக் கணக்கை தண்டர்பேர்டுங்கிற மெயில் சாஃப்ட்வேர்ல வச்சுக்குங்க, அது டோக்கன் வேலையைத் தானாப் பாத்துக்கும்.

கேள்வி: ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். பேரன் உதவியோடு என் மெயில் எல்லாம் ஃபோல்டரில் இறங்கிவிட்டது. ஆனால் கிரெப் கட்டளை கொடுத்து 'சேலம்' என்று தேடினால் ஒன்றுகூட வரவில்லை. ஆங்கிலச் சொல் தேடினால் வருகிறது. தமிழ் மெயில்கள் பாழாகிவிட்டனவா?
(அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: ஒண்ணும் பாழாகலை ஐயா, அத்தனையும் பத்திரமா இருக்கு, வேற வேஷத்துல இருக்கு. மெயில் விதி எழுதின காலத்துல ஆங்கில எழுத்து மட்டும்தான் லைன்ல போவும்னு வச்சுட்டாங்க. அதனால தமிழ் போகணும்னா அதை ஆங்கில எழுத்தும் எண்ணுமா மாத்தி அனுப்பணும், அந்த முறைக்கு பேஸ்64னு பேரு. பேரன்கிட்ட சொல்லி ஒரு தமிழ் மெயிலை நோட்பேடுல திறந்து, சப்ஜெக்ட்னு இருக்கிற வரியைப் பாருங்க. யுடிஎஃப்-8னு ஆரம்பிச்சு, அப்புறம் புரியாத எழுத்தா வரிசையா ஓடும். அதுல '4கே6', '4கே+' இந்த ரெண்டும் திரும்பத் திரும்ப வரும், பாத்திருப்பீங்க. அந்த ரெண்டையும் பாத்தாலே இது தமிழ்னு சொல்லிரலாம். ஏன்னா யூனிகோட்ங்கிற பொது எழுத்துப் பட்டியல்ல இருக்கிற தமிழோட ஒவ்வொரு குறியும், அதைக் கணினில எழுதி வைக்கிற யுடிஎஃப்-8 முறைல மூணு பைட்டு, முதல் பைட்டு எல்லாத்துக்கும் ஒண்ணே, ரெண்டாவது பைட்டு ரெண்டே விதம்தான், பேஸ்64 மூணு பைட்டை எடுத்து நாலு எழுத்தாக்கும், அதனால தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் அந்த மூணு எழுத்துலயே தொடங்கி நாலாவது எழுத்துல மட்டும் வேறுபடுது. உங்க 'சேலம்' அஞ்சு குறி, ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி, அது அந்த வேஷத்துல 20 எழுத்து. இதை முதல் தடவை கண்டுபிடிச்சப்ப எனக்கு அன்னைக்கு முழுக்க சந்தோஷமா இருந்துச்சுங்க ஐயா. நடுவுல ஒரு இடைவெளி வந்தா மட்டும் கணக்கு ஒரு பைட்டு நகர்ந்து அடுத்த வார்த்தைக்கு வேற எழுத்து விழும், அதனால அந்த வேஷத்தையே கிரெப்ல தேடறதும் ஒத்து வராது.

நாட்மச்னு ஒரு புரோகிராம் போடச் சொல்லுங்க. அது மெயிலை இறக்காது, அனுப்பாது, இறங்கி இருக்கிறதைப் பிரிச்சுப் படிச்சு சொல் அட்டவணை போட்டு வைக்கும், அப்புறம் தமிழ்லயே தேடலாம், ஆயிரக்கணக்குல மெயில் இருந்தாலும் கண் மூடித் திறக்கறதுக்குள்ள எடுத்துரும். ஒரே ஒரு சங்கதி, அதுக்கு நம்ம வேற்றுமை உருபு தெரியாது. சேலம்னு தேடினா 'சேலத்தில்', 'சேலத்துக்கு'ன்னு எழுதினது வராது. 'சேல'ன்னு எழுதி பக்கத்துல ஒரு நட்சத்திரம் போடுங்க, எல்லாம் வரும், சேலை வராது, அதுல இருக்கிறது ல இல்லை, லைன்னு உங்களுக்குத் தோணும். ஆனா கணினில அந்த ஐகாரக் கொம்பு லவுக்குப் பின்னால தனிக் குறியா உக்காந்திருக்கிறதால உண்மைல அதுவும் வரத்தான் செய்யும், கொஞ்சம் பொறுத்துக்கணும்.

இன்னொண்ணு, உங்ககிட்ட 2000 வாக்குல வந்த பழைய தமிழ் மெயில் இருந்தா அது இதுலயும் வராது. அப்ப டிஸ்கின்னு வேற எழுத்துமுறை புழக்கத்துல இருந்துச்சு, அதுல வந்த மெயில் இப்ப புரியாத குறியாத் தெரியும். அதையும் மீட்கலாம், லினக்ஸ்ல இருக்கிற ஐகான்வ்ங்கிற கமாண்டுக்கு டிஸ்கி தெரியும், யுடிஎஃப்-8ஆ மாத்திக் குடுத்துரும். மாத்தறதுக்கு முன்னால மூல ஃபைலை ஒரு நகல் எடுத்துத் தனியா வச்சுட்டு, நகல்ல மட்டும் கை வைங்க.